இன்னொரு தட்டு

சென்னை
16.3.99

அன்புள்ள அண்ணா,

இன்று அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்டவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். எங்கேயாவது ஓரிடத்தில் அவை இருக்க வேண்டும். இடது சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அதிலிருந்த கட்டிக்கு என்ன பெயர் என்று சொல்லவில்லை. நுரையீரலில் இரண்டு சிறு புள்ளிகள் தெரிவதைச் சொல்லவில்லை. "கட்டிய எடுத்தாச்சு, இனிமே ஒண்ணும் இல்லையேம்மா?" என்று கேட்டார். "தூங்குங்கப்பா" என்றேன்.

ஆபரேஷன் வெள்ளிக்கிழமை நல்லபடியாக முடிந்தது. நேற்று எழுந்து உட்கார்ந்தார். அம்மாவிடம் உள்ளதைச் சொல்லியிருக்கிறேன். அவள் அந்தச் சொல்லை ஒருமுறைகூட வாயால் சொல்லவில்லை. "அது" என்கிறாள்.

மூன்று வருடமாக என் ஆராய்ச்சி இதே நோயில்தான் என்பது உனக்குத் தெரியும். அப்பாவுக்கு நான் "லேப்ல படிக்கிறவ". ஆபரேஷனுக்கு முன் ஒரு தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கினேன், எடுப்பதில் கொஞ்சம் ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதம் என்று. "நீ கொண்டாந்தா சரியாத்தான் இருக்கும்" என்று படிக்காமலே போட்டார். கட்டியிலிருந்து ஒரு துண்டு, அதே சிறுநீரகத்தின் நல்ல பகுதியிலிருந்து ஒரு துண்டு. ஐஸ் பெட்டியில் வைத்து நானே ஆட்டோவில் கொண்டுபோனேன். என் ஆராய்ச்சி வழிகாட்டி கமருன்னிஸா மேடம், இந்த வேலையை வேறு யாரையாவது பார்க்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். டப்பாவில் பெயர் கிடையாது, 31 என்ற எண் மட்டும். இனி அந்தத் துண்டுகளின் செல்களைக் கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் கலந்த திரவத்தில் வளர்க்க வேண்டும்.

உன் கையில் பட்ட வெல்டிங் காயம் ஆறியதா? களிம்பு போடாமல் விடாதே.

உன் தங்கை
அருள்ஜோதி


சோஹார், ஓமன்
30.3.99

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஷிப்டு முடிந்து வந்து படித்தேன். பிறகு சாப்பிடப் போகவில்லை. மூஸாதான், அவன் நாகூர்க்காரன், என் அறையில் மேல் கட்டில், தட்டைக் கொண்டுவந்து வைத்தான். கை ஆறிவிட்டது. தழும்பு இருக்கும்.

லீவு கேட்டேன். அடுத்த மார்ச்சுக்கு முன்னால் கிடையாதாம். பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் பெட்டியில் இருக்கிறது. சாவி அவனிடம், நான் வெளியே.

ஒன்று சொல்கிறேன், கேள். அந்த நோயின் பேர் அப்பா காதில் விழக்கூடாது. சத்தியம். பெரியப்பாவுக்கு என்ன ஆச்சு? பேரைச் சொன்ன அன்னைக்கே பாதி ஆள் போய்ட்டார். நம்ம வீட்டில் யாரும் வாயைத் திறக்க வேண்டாம், நீயும்தான்.

அது சரி, தவக்காலம் முழுக்க அப்பா கறி தொட மாட்டாரு, நீ அவர் செல்லுக்குக் கன்னுக்குட்டி ரத்தம் ஊத்துறியா? கோயில் சாமியாருக்குத் தெரிஞ்சா உன் பாவத்தையெல்லாம் கேக்குற பாவசங்கீர்த்தனமே ஒரு நாள் ஆகும். மூஸாவிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். ரொம்ப நாளாச்சு.

ஈஸ்டருக்கு அவர்களோடு இரு.

உன் அண்ணன்
ரெமிஜியஸ்


சென்னை
9.5.99

அன்புள்ள அண்ணா,

ஈஸ்டருக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா மெலிந்திருக்கிறார். ஆனால் வரப்பில் நடக்கிறார். வாரம் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, ஒரத்தநாட்டிலிருந்து நர்ஸ் ஹலீமா சிஸ்டர் வந்து ஊசி போடுகிறார். போட்ட அன்று குளிர் காய்ச்சல். மறுநாள் எழுந்திருக்க முடியாது. எழுந்து நடமாடத் தொடங்கும்போது அடுத்த ஊசி. "சத்து ஊசின்னாங்க, இது சத்தை உறிஞ்சுற ஊசியால்ல இருக்கு" என்று சிஸ்டரைக் கேலி செய்கிறார். சத்து ஊசி என்று சொன்னது நான்தான்.

31-ஆம் எண் நன்றாக வளர்கிறது. மிக நன்றாக. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தானே செத்துப்போக ஓர் ஏற்பாடு இருக்கிறது. பழுதானால், வெளியிலிருந்து உத்தரவு வந்தால், செல் தன்னையே கலைத்துக்கொள்ளும். அந்த உத்தரவைச் சுமக்கும் புரதம் ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்து வைத்திருக்கிறோம். அதைக் கட்டியின் செல்கள்மேல் விடுகிறேன். உத்தரவு போய்ச் சேருகிறது, உள்ளே ஏதோ ஒன்று அதைத் தடுத்து நிறுத்துகிறது. மறுநாள் பார்த்தால் செல்கள் வளரும் தட்டின் அடியில் முன்பைவிட நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. ஆறு வாரமாக இதுதான். தினமும் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைக்கும் முன்பே களைப்பாக இருக்கிறது.

மூஸா அண்ணனுக்கு என் அன்பைச் சொல். அவர் இல்லையென்றால் நீ பட்டினி கிடப்பாய் போலிருக்கிறது.

ஜோதி


சென்னை
21.6.99

அன்புள்ள அண்ணா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கோடை ஷிப்டு உன்னை ஆட்டி வைக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். தண்ணீர் நிறையக் குடி.

ஒரு செய்தி. பழைய கீமோ மருந்து ஒன்றை, அது மட்டும் இந்த நோயை ஒன்றும் செய்யாது, மிகக் குறைந்த அளவில் முந்தின நாளே கொடுத்துவிட்டுப் பிறகு அந்தப் புரதத்தை விட்டேன். இன்று காலை பார்த்தேன். கட்டியின் செல்கள் சுருங்கி, தட்டிலிருந்து கழன்று, மேலே மிதந்தன. நூற்றுக்குத் தொண்ணூறு. மூன்று முறை எண்ணினேன். தடை உடைந்துவிட்டது.

செத்துவிட்டன, அண்ணா. அப்பாவின் கட்டிச் செல்கள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதனால்தான் ஆய்வகத்திலிருந்தே எழுதுகிறேன்.

பக்கத்தில் இன்னொரு தட்டும் இருக்கிறது. அதைப் பற்றி எழுத இன்று தெம்பில்லை.

ஜோதி


சோஹார்
6.7.99

என் தங்கச்சிக்கு, என் தங்கத்துக்கு,

ஐம்பது டிகிரி வெயிலில் வேலை. அதனால்தான் எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதத்தை மெஸ்ஸிலேயே நின்று படித்தேன். சத்தமாகவே படித்தேன். மூஸா எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தான். எட்டாவது ஃபெயிலான எனக்குத் தங்கச்சியா இப்படி ஒருத்தி என்று ஃபோர்மேனே கையைக் குலுக்கினான். எனக்கு எதுவும் முழுசாகப் புரியவில்லை. செத்துப்போச்சு என்பது புரிந்தது, அது போதும்.

அம்மாவுக்கு அன்றைக்கே எழுதிவிட்டேன். நம் கோயிலில் ஒரு நன்றிப் பூசை வைக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மா எழுதினால் எழுத்துக்கூட்டி ஒரு மாதம் ஆகும் என்று, பூசைக்கான கருத்தை, எதற்காக ஒப்புக்கொடுக்கிறோம் என்பதை, நானே எழுதிச் சாமியாருக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். நல்லா நீட்டி எழுதியிருக்கிறேன், உபதேசியார் வாசிக்கும்போது ஊரே திரும்பிப் பார்க்கும்.

அந்த மருந்தை எப்போது அப்பாவுக்குப் போடுவீர்கள்? உடனே எழுது. நீயும் சாப்பிடு, ராத்திரி பகலாக நிற்காதே.

ரெமி


சேசு மரி சூசை

27.7.99

அன்பு மக ஜோதிக்கு அம்மா எழுதுறது. இங்க எல்லாரும் சொகமா இருக்கோம், நீ எப்படி இருக்கியோன்னுதான் நெனப்பு. புதாத்து வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு. ஆளு கெடைக்கல, அப்பாவே நாத்தங்காலுக்குத் தண்ணி கட்டுனாங்க.

ஞாயித்துக்கெழம ரெண்டாம் பூசை நம்ம பூசை. பீடத்துக்குப் பூ வாங்கி வச்சேன். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உபதேசியார் மைக்குல வாசிச்சாரு. "மிக்கேல்ராஜ் அவர்களைக் கொடிய புற்றுநோயிலிருந்து குணமாக்கியதற்காகவும், அதற்கு மருந்து கண்டுபிடித்த மகள் அருள்ஜோதிக்காகவும் நன்றியாக, மகன் ரெமிஜியஸ் ஒப்புக்கொடுக்கும் திருப்பலி"ன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இந்தப் பய இப்படி எழுதுவான்னு நான் கண்டனா? ஆம்பளைங்க பக்கம் பாத்தேன். அப்பா மண்டி போட்டுருந்தாங்க, எந்திரிக்கவே இல்ல. அப்புறம் சாமியார் கையால நன்மை வாங்காம வெளிய போயிட்டாங்க. கேட்டதுக்கு, "உள்ள புழுக்கமா இருந்துச்சு"ன்னாங்க. ரெண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம்.

திங்கக்கெழம ஹலீமா சிஸ்டர் வந்தாங்க. அப்பா கையக் குடுக்கல. "வேணாம் சிஸ்டர், போங்க"ன்னாங்க. உன் மருந்து வரட்டும்னு இருக்காங்கபோல. எப்ப வரும்? தெக்குத் தெரு நடராசன் அவரு பொண்டாட்டி வேம்புவோட ஆஸ்பத்திரி சீட்டெல்லாம் கொண்டாந்து குடுத்துட்டுப் போயிருக்காரு. அவளுக்கு மார்ல கட்டி. "ஒங்க பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேளுங்கக்கா"ன்னு கண்ணு கலங்குறாரு. என்ன சொல்றது? சீட்ட உள்ள வச்சு அனுப்பிருக்கேன்.

நேரத்துக்குச் சாப்புடு. தலைக்கு எண்ண வையி.

அம்மா
ஆரோக்கியம்


சென்னை
3.8.99

அண்ணா,

அம்மாவின் கடிதம் வந்தது. வேறு எதையும் விசாரிக்காமல் தொடங்குவதற்கு மன்னித்துவிடு.

பெயரைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிய நீயே, அதை மைக்கில் வாசிக்கக் கொடுத்திருக்கிறாய். அப்பா தன் நோயின் பெயரை, ஊரார் எல்லாரோடும் சேர்ந்து, மண்டியிட்டபடி கேட்டிருக்கிறார். உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அதைவிடப் பெரிய தவறு என்னுடையது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று நான் எழுதாமல் விட்ட இன்னொரு தட்டில் இருந்தவை அப்பாவின் நல்ல செல்கள். சிறுநீரகத்தின் நல்ல பகுதியிலிருந்து எடுத்தவை. அதே மருந்தை, அதே அளவில், அவற்றுக்கும் கொடுத்திருந்தேன். அவையும் செத்தன, அண்ணா. நூற்றுக்கு எழுபது. உனக்குக் கடிதம் எழுதும்போதே எனக்குத் தெரியும். அளவைக் குறைத்தால் இரண்டும் பிழைக்கின்றன. கூட்டினால் இரண்டும் போகின்றன. அன்றிலிருந்து எட்டு முறை செய்து பார்த்துவிட்டேன். அந்தப் புரதத்தை உலகில் எங்கும் இன்னும் மனிதர் யாருக்கும் போட்டதில்லை. அப்பாவுக்குப் போட என்னிடம் எதுவும் இல்லை.

ஒரே ஒரு கடிதமாவது நல்ல செய்தியோடு முடியட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

வேம்பு அக்காவின் சீட்டுகளை இங்கே ஒரு டாக்டரிடம் காட்டினேன். உடனே அழைத்துவரச் சொன்னார். நடராசன் மாமாவுக்கு எழுதிவிட்டேன்.

ஜோதி


சோஹார்
24.8.99

ஜோதி,

பத்து நாளாக உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். மெஸ்ஸில் இன்னும் என்னைப் பார்த்தால், தங்கச்சி மருந்து எப்படி என்று கேட்கிறார்கள். நல்லாப் போவுது என்று சொல்கிறேன்.

நான் செய்தது தப்புதான். வாசிக்கும்போது அப்பாவும் அங்கே உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இங்கிருந்து நினைக்கும்போது கோயிலும் ஊரும்தான் தெரிந்தது. ஆள் தெரியவில்லை.

இப்போது அப்பாவிடம் மருந்து இல்லை என்று சொல்லிவிடாதே. உன் காலைப் பிடிக்கிறேன். கொஞ்சம் தாமதமாகும், அதுவரைக்கும் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டால்தான் புது மருந்து பிடிக்கும் என்று சொல். நீ சொன்னால் போட்டுக்கொள்வார். மார்ச்சில் நான் வருவேன். நான் வரும்போது அவர் இருக்க வேண்டும்.

அண்ணன்


2.9.99

அன்புள்ள மகள் அருள்ஜோதிக்கு அப்பா எழுதுவது.

இறைவன் புண்ணியத்தில் நடமாட்டமாக இருக்கிறேன். இரண்டு நாளாக நல்ல மழை. சம்பா நாற்று கையளவு வந்துவிட்டது.

நான் உனக்குக் கடிதம் எழுதியதே இல்லை. நீ ஆஸ்டலில் படித்தபோதுகூட அம்மாதான் எழுதுவாள். இது அம்மாவுக்குத் தெரியாது. ஒரத்தநாடு வந்தபோது இன்லண்டு ஒன்று வாங்கி, தபால் ஆபீஸ் மேசையிலேயே எழுதுகிறேன்.

கோயிலில் வாசித்தது என் காதில் விழுந்தது. உங்கள் யார்மேலும் எனக்குக் கோபமில்லை. ஐந்து மாதமாக எல்லாரும் என் முகத்தைப் பார்க்காமல் பேசினீர்கள், அது ஏன் என்று அன்றைக்கு விளங்கியது. எதற்கு என்று தெரியாமல் கையை நீட்டிக்கொண்டிருக்க முடியாது என்றுதான் ஊசியை நிறுத்தினேன். உன் மருந்துக்குக் காத்திருப்பதாக அம்மா ஊரெல்லாம் சொல்கிறாள். நான் அப்படிச் சொல்லவில்லை.

உன்னிடம் இரண்டு கேள்வி. உன் மருந்து என்று ஒன்று உண்டா? இந்த ஊசி பத்துப் பேருக்குப் போட்டால் எத்தனை பேருக்குக் கேட்கும்? சுற்றி வளைக்காமல் எழுது. எனக்காகப் பொய் எழுதுவது உனக்கும் கஷ்டம்தானே.

பதிலை வீட்டு விலாசத்துக்கே போடு. அம்மாவுக்கு நான் படித்துக் காட்டிக்கொள்கிறேன், எதைப் படிக்கவேண்டுமோ அதை.

மிக்கேல்ராஜ்


சென்னை
9.9.99

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்து எவ்வளவு அழகு என்று எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. மழையில் நனையாதீர்கள். இருமல் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை.

முதல் கேள்விக்குப் பதில்: மருந்து இல்லை. கட்டியின் செல்களைச் சாகவைக்கும் ஒரு வழி கிடைத்தது. அதே வழி நல்ல செல்களையும் சாகவைக்கிறது. ஒன்றைத் தொட்டு மற்றதைத் தொடாமல் விடும் அளவு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒருவேளை பல வருடம் ஆகலாம். நானாக இல்லாமலும் இருக்கலாம்.

இரண்டாவது கேள்வி: பத்தில் ஒருவர். சில ஆய்வுகளில் இருவர். அவர்களுக்கும் முழுவதும் போய்விடுவதில்லை, புள்ளிகள் சுருங்கும், சில மாதங்கள் கூடும். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. அது நீங்களாக இருக்கலாம். அதனால்தான் போட்டுக்கொள்ளச் சொன்னோம்.

உங்கள் நுரையீரலில் மார்ச்சில் இரண்டு புள்ளிகள் இருந்தன. அன்றைக்கு நீங்கள் கேட்டபோது தூங்கச் சொன்னேன். அதற்காக மன்னித்துவிடுங்கள்.

எது வேண்டுமானாலும் நீங்கள் முடிவு செய்யுங்கள். நான் உங்கள் பக்கம் இருப்பேன்.

உங்கள் மகள்
ஜோதி


20.9.99

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். இருமல் காலையில் மட்டும்.

உன் மருந்து எனக்கு விளங்கிவிட்டது. போன வருடம் கீழ வயலில் புதுக் களைக்கொல்லி அடித்தோமே. களையும் போயிற்று, நட்ட பயிரும் மஞ்சளாகிப் படுத்துவிட்டது. அதை யாரும் மருந்து என்று சொல்லவில்லை. கடைக்காரனிடம் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். நீ அப்படி ஆள்மேல் அடிக்காமல் தட்டிலேயே பார்த்துக்கொண்டது நல்லது. தூங்கச் சொன்னதற்கு எதற்கு மன்னிப்பு.

ஊசியை விட்டுவிட்டேன். ஹலீமா சிஸ்டரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பத்தில் ஒன்றுக்காக வாரத்தில் ஆறு நாள் படுத்துக் கிடக்க எனக்கு மனதில்லை. நேற்று நடவு. பதினாலு பேர். நான் நாற்று முடிச்சு எடுத்துப் போட்டேன். நடவுக்காரப் பெண்கள், "மாமா, ஒங்க நாத்த விட நீங்க வெளுத்துட்டீங்களே" என்று கத்தினார்கள். நன்றாகச் சிரித்தோம்.

ஒரு காரியம். ஊசி தவறாமல் போட்டுக்கொள்கிறேன் என்று ரெமிக்கு எழுதிவிட்டேன். அவன் அங்கே தனியாகக் கிடக்கிறான். வரவும் முடியாது. தெரிந்து என்ன செய்வான்? நீயும் அப்படியே எழுது.

அப்பா


சென்னை
17.11.99

அன்புள்ள அண்ணா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? குளிர் தொடங்கியிருக்குமே, கம்பளி வாங்கினாயா?

கல்லறைத் திருநாளுக்கு ஊரில் இருந்தேன். சம்பா கருகருவென்று நிற்கிறது. அப்பா என்னோடு தாத்தா கல்லறைக்கு வந்தார். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். இரவில் கொஞ்சம் சாப்பிடுகிறார். வேம்பு அக்காவுக்கு ஆபரேஷன் ஆயிற்று, முகம் தெளிந்திருக்கிறது. நடராசன் மாமா எனக்கு ஒரு மூட்டை இளநீர் கொண்டுவந்தார். எதற்கென்று தெரியவில்லை.

ஊசி ஒழுங்காக நடக்கிறதா என்று போன கடிதத்தில் நீ கேட்டதற்கு: அப்பா உனக்கு எழுதியபடிதான் எல்லாம் நடக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

ஜோதி


சோஹார்
22.12.99

அன்புத் தங்கச்சிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். எனக்குச் சளி, வேறொன்றுமில்லை.

அப்பா போன வாரம் எழுதியிருந்தார். ஊசி போட்டுப் போட்டுக் கை மரத்துவிட்டதாம், காய்ச்சலும் பழகிவிட்டதாம். பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே? உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார். நீ சொல்லாமல் இருந்தது பெரிய காரியம், ஜோதி. அதை நான் மறக்க மாட்டேன்.

மார்ச் நாலாம் தேதி டிக்கெட் உறுதி. மூஸா அப்பாவுக்குப் பேரீச்சம்பழம் கட்டித் தருகிறேன் என்கிறான். அவருக்கு வேறு என்ன பிடிக்கும்? எழுது.

ரெமி


அதற்கு நான் பதில் எழுதவில்லை. அப்பா பிப்ரவரி பதினொன்றாம் தேதி, அறுப்பு முடிந்த நாலாம் நாள், காலையில் இறந்தார். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு அண்ணன் வந்து சேர்ந்தது அடக்கத்துக்கு இரண்டு நாள் கழித்து. கல்லறையிலிருந்து நேராக ஒரத்தநாட்டுக்குப் போய், மொத்தம் எத்தனை ஊசி போட்டீர்கள் என்று ஹலீமா சிஸ்டரிடம் கேட்டிருக்கிறான். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, கடைசி ஊசி ஜூலை இருபத்து மூன்றாம் தேதி என்று சொன்னார்.